கார்த்திகை விளக்கு: ஊரிலா, கோயிலிலா, பிளாட்டிலா?

கார்த்திகைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சங்கத்து அறிவிப்பு வந்து விழுந்துவிடும். பால்கனிச் சுவரில் எண்ணெய் விளக்கு வைக்கக் கூடாது. மாடிப்படியில் வைக்கக் கூடாது. மொட்டைமாடிக் கதவு ஐந்தரைக்குப் பூட்டப்படும். அன்றைக்கோ மறுநாளோ ஊரிலிருந்து பெரியம்மா போன் போடுவார். "இந்த வருசமாவது வருவியாப்பா, இல்ல நம்ம வீட்டு வாசல் இருட்டாவே கெடக்கட்டுமா?"

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்குத் தூரமே பதில் சொல்லிவிடுகிறது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பிளாட் வாங்கிக் குடியேறிய டெல்டாக்காரர்களுக்குத்தான் இழுபறி. பாபநாசமோ வலங்கைமானோ நன்னிலமோ, ஊர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இருக்கிறது. வர முடியாது என்று சொல்ல வாய் வராது. போய்விட்டு மறுநாள் காலை ஆபீசுக்குத் திரும்புவதும் சுலபமில்லை.

தீபாவளிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. வடக்கே அது விளக்குப் பண்டிகை. நமக்கு அது எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி, லேகியம். லீவு உண்டு, எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம். நம் ஊர் விளக்குப் பண்டிகை கார்த்திகைதான். அதற்கோ மாநில அளவில் விடுமுறை இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், நாம் வேலைக்குப் போக வேண்டியதுதான். 2023-இல் நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது அதிர்ஷ்டம். 2024-இல் டிசம்பர் 13, வெள்ளி. 2025-இல் டிசம்பர் 3, புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்ற நன்னிலத்தில் நிற்க வேண்டும் என்றால் மத்தியானமே கிளம்ப வேண்டும்.

ஆக, இருப்பது மூன்று வழி. ஊருக்குப் போவது, நகரத்துக் கோயில் தீபத்தைப் பார்த்துவிட்டு வருவது, பிளாட்டிலேயே ஏற்றுவது. மூன்றாவதற்குள் ஏகப்பட்ட கிளைக் கேள்விகள்: மண் அகலா, பித்தளையா, பாட்டரி விளக்கா, எந்த எண்ணெய், எங்கே வைப்பது. புண்ணியக் கணக்கை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது இரண்டே விஷயம். அந்த இடத்தில் காற்று எப்படி, விளக்குப் பக்கத்தில் ஆள் இருக்குமா. கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்காமல் செய்கிற எந்த ஏற்பாடும் ஆறரை மணிக்குள் அணைந்து போகும்.

ஊர் வீட்டின் பெரிய பலம், அதைக் கட்டிய கொத்தனாரே விளக்குக்கு யோசித்துவிட்டதுதான். நிலைவாசலுக்கு இரண்டு பக்கமும் மாடப்பிறை. சுவருக்குள் ஒரு சாண் ஆழத்துக்குக் குடைந்து, மேலே கூம்பாக முடித்திருப்பார்கள். மூன்று பக்கமும் சுவர் மறைப்பதால் வாடைக்காற்று அடித்தாலும் சுடர் தலையை ஆட்டுமே தவிர அணையாது. கூம்பின் உட்புறம் தாத்தா காலத்திலிருந்து படிந்த கரி இருக்கும், வெள்ளையடிக்கிறவர்கூட அதைத் தொடமாட்டார். அப்புறம் திண்ணை விளிம்பு, முற்றத்துத் தாழ்வாரம், துளசி மாடம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, கொல்லைக் கதவு. விளக்கு வைக்க இடம் தேட வேண்டியதே இல்லை. எதிர்வீடும் பக்கத்து வீடும் ஏற்றுவதால் காவலுக்கும் ஆள் பஞ்சமில்லை. ஒன்று அணைந்தால் போகிற வருகிற யாராவது தூண்டிவிட்டுப் போவார்கள்.

குழந்தைகளை வைத்துப் பார்த்தால் ஊருக்கு மாற்றே கிடையாது. கோயில் வாசலில் பனைமரத் துண்டை நட்டு, காய்ந்த பனை ஓலையை உச்சிவரை கட்டி, சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஓலை வெடிக்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எரிந்து முடிந்ததும் கரிந்த குச்சிக்கும் சாம்பலுக்கும் போட்டி நடக்கும். கொண்டுபோய்ச் சம்பா வயலில் போட்டால் பூச்சி அண்டாது, விளைச்சல் கூடும் என்று நம்பிக்கை. பையன்களுக்கு மாவலி. ஆண் பனையின் பூக்காம்பைச் சுட்டுக் கரியாக்கி, நுணுக்கிப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டித் தைக்க வேண்டும். அதைப் பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டி, நீளமாக ஒரு கயிறு. நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி வட்டம் வட்டமாகத் தெறிக்கும். துணியை இறுக்கமாகச் சுருட்டாவிட்டால் கரி கொட்டிச் சட்டை பொத்தலாகும், அளவுக்கு மீறி இறுக்கினால் பொறியே வராது. இந்தப் பக்குவம் தெரிந்தவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இதை பிளாட்டில் சுற்ற நினைக்கவே வேண்டாம். கீழே நிற்கிற கார்களின் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள், விடாததும் நியாயம்தான்.

சரி, ஊரின் சிக்கல்களையும் சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லாமல் அடைத்துக் கிடந்த வீடு. மழைக்காலத்தில் கொல்லைப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல். அதற்குள் என்ன இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டு வீடாக இருந்தால் எங்கே ஒழுகுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். அரைநாள் கூட்டிப் பெருக்கிக் கழுவி, விளக்கேற்றி, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓட வேண்டும். எரிகிற விளக்கை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வருவது சரியில்லை. அணைத்துவிட்டு வரவும் மனசு வராது.

வானிலையும் நம் கையில் இல்லை. 'மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். அந்த வேதாரண்யம் பக்கம்தான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த வருஷக் கார்த்திகை தீபம் நவம்பர் 23, சரியாக ஒரு வாரம் கழித்து. தென்னந்தோப்புகள் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, கரண்ட் இல்லாத ஊர்களில் அன்றைக்கு அகல் விளக்குதான் வீட்டுக்கே வெளிச்சம். எல்லா வருஷமும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் பாதியிலும் டெல்டாவில் பயணத் திட்டம் போடுகிறவர்கள், போக முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசித்துவிடுவது நல்லது.

பலரும் கடைப்பிடிக்கிற ஒரு நடுவழி இருக்கிறது. எண்ணெயும் திரியும் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டு அத்தையிடம் வாசலில் இரண்டு விளக்கு வைக்கச் சொல்லிவிடுவது. இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. வீடு இருட்டாக இல்லை, காவலுக்கு ஆளும் இருக்கிறார். ஒரே நிபந்தனை, எண்ணெயைக் கொடுத்தனுப்பாமல் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அப்படிப் போகிற சாக்கில் ஓடு, ஒழுகல், கொல்லைப் புல் எல்லாவற்றையும் மழைக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடலாம்.

கோயில் விஷயத்தை நீட்ட வேண்டாம். திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. 83 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் பெரிய கொப்பரையில் தீபம் ஏற்றினால் ஊரின் பாதிப் பகுதிக்குத் தெரியும். மலையேற வேண்டும் என்றுகூட இல்லை, காவிரிப் பாலத்தில் நின்றாலே போதும், வண்டியை நிறுத்த விடுவார்களா என்பது வேறு விஷயம். ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்பனை. பெருமாள் கோயில் தீபம் சில வருஷங்களில் ஒருநாள் தள்ளி வருவதால், முதல் நாள் வீட்டையும் மறுநாள் ஸ்ரீரங்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துக்காரர்களுக்குச் சுவாமிமலை. முருகனுக்குக் கார்த்திகை என்றால் கேட்க வேண்டுமா, அறுபது படியும் தலையாக இருக்கும். பார்க்க வேண்டியவைதான் எல்லாம். ஆனால் ஆறு மணிக்குக் கோயிலில் இருந்தால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க முடியாது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் கோயிலை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். மலைக்கோட்டைத் தீபம் அடுத்த நாளும் எரியும்.

இனி பிளாட். முதலில் பாட்டரி விளக்கைப் பேசிவிடுவோம், சங்கத்தார் சொல்கிற மாற்று அதுதான். இப்போது கடைத்தெருவில் தண்ணீர் ஊற்றினால் எரிகிற விளக்கு வந்திருக்கிறது. உள்ளே இரண்டு உலோக முனைகள் இருக்கும். தண்ணீர் பட்டால் மின்சுற்று பூர்த்தியாகிப் பல்பு எரியும். திருவாரூரில் நமிநந்தி அடிகள் என்ற நாயன்மார் எண்ணெய் கேட்டுக் கிடைக்காமல் கமலாலயக் குளத்துத் தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இந்த விளக்கைப் பார்த்தால் லேசாகச் சிரித்துக்கொள்வார்கள். கேலி இருக்கட்டும், பால்கனிக்கு இது சரியான பொருள். காற்றுக்கு அணையாது, கீழ்வீட்டுத் துணி மேல் எண்ணெய் சிந்தாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் மட்டும் அடியில் உள்ள பட்டன் பாட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த பாட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அதற்காக வீடு முழுக்க பாட்டரி விளக்கு என்றால் எனக்கு ஒப்பவில்லை. தூண்ட வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம், பக்கத்தில் உட்காரவும் வேண்டாம் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யார் என்ன செய்வார்கள்? டிவி பார்ப்பார்கள். என் கணக்கில் பாட்டரி விளக்கு தெருவுக்குத் தெரிகிற அலங்காரம். வாசலுக்கும் பூஜையறைக்கும் எண்ணெய் விளக்குதான்.

அகலில் மெழுகு நிரப்பி விற்கிறார்களே, அதை விட்டுவிடலாம். உருகிய மெழுகு டைல்ஸில் சிந்தினால் சுரண்டி எடுக்க வேண்டும், எரிந்து முடிந்ததும் அகலும் குப்பைக்குப் போகும். ஜிகினா ஒட்டி, பெயிண்ட் அடித்த அகல்களும் அப்படித்தான். சுடர் படுகிற மூக்கில் பெயிண்ட் கருகி நாறும். சாதாரணச் செம்மண் நிற அகலே போதும். காந்தி மார்க்கெட் பக்கமும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் தரையில் குவித்து விற்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது, பொத்தென்று சத்தம் வந்தால் விரிசல் அல்லது அரைவேக்காடு. தரையில் வைத்தால் ஆடக் கூடாது. திரி உட்கார மூக்கு ஆழமாக இருக்க வேண்டும், மூக்கு தட்டையாக இருந்தால் எண்ணெய் அதன் வழியே வழியும். வாங்கியதை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்துக் காயவைத்துவிட வேண்டும். ஊறாத புது அகல் ஊற்றிய எண்ணெயில் பாதியைத் தானே குடித்துவிடும், தரையிலும் வட்டமாகக் கறை விழும்.

பித்தளை என்றால் நாச்சியார்கோவில். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது. காவிரி வண்டலில் அச்செடுத்து வார்க்கிற குத்துவிளக்கு, உச்சியில் அன்னம். புவிசார் குறியீடும் பெற்றது. பாதம், தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாகத் திருகிப் பூட்டுகிற மாதிரி மரை போட்டிருப்பார்கள். வாங்கும்போது நான்கையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை நேராக இறங்கினால் விளக்கு நேராக நிற்கும். பிளாட்டுக்கு இதன் பலம் எடை. நல்ல கனமான விளக்கு காற்றுக்கும் சாயாது, ஓடுகிற குழந்தையின் கை பட்டாலும் லேசில் சாயாது. மண் அகலோடு ஒப்பிட்டால் விலை எங்கேயோ இருக்கிறது. புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்க்கிற வேலை தனி. ஆனால் ஒருமுறை வாங்கினால் பேத்திக்கும் ஆகும். அகலா பித்தளையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நடுக்கூடத்தில் ஒரு குத்துவிளக்கு, வாசலில் அகல்கள் என்று பிரித்துக்கொண்டால் சரியாக அமையும்.

எண்ணெய்க்கு ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள், நான் அடுப்படிக் கணக்காகப் பார்க்கிறேன். நல்லெண்ணெய் திரியில் சுலபமாக ஏறும், சீராக எரியும், வாசனையும் உறுத்தாது. விளக்கெண்ணெய் கெட்டியானது. மெதுவாக எரிந்து நேரம் நிற்கும், ஆனால் மெல்லிய திரியில் ஏறாமல் சுடர் சிறுத்துவிடும். நல்லெண்ணெயில் கால் பங்கு கலந்துகொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். நெய்யைப் பூஜையறையோடு நிறுத்திக்கொள்ளலாம். வாடைக்காற்றில் வெளியே வைத்தால் உறைந்து திரியைச் சுற்றி வெள்ளையாக நின்றுவிடும், தேங்காய் எண்ணெயும் அப்படியே. டெல்டாக் கோயில்களின் பழைய எண்ணெய் இலுப்பெண்ணெய். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊரே இருக்கிறது, அங்கே சிவன் கோயில் தலமரமும் இலுப்பைதான். திறந்த பிராகாரத்துக்கு அது பொருத்தம். ஜன்னல் சாத்திய பிளாட்டுக்கு அந்த வாசனை கொஞ்சம் கனம், குளிரில் அதுவும் கெட்டியாகும். பாக்கெட்டில் வருகிற தீப எண்ணெய் மலிவு. பின்பக்கம் பொடி எழுத்தில் சமையலுக்கு அல்ல என்று போட்டிருக்கும், அதையும் படித்துவிட்டு வாங்குங்கள். புகை அதிகம் வந்தால் அடுத்த முறை மாற்றிவிடலாம்.

செலவு பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. சின்ன அகல் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெய் பிடிக்கும். நட்சத்திரத்துக்கு ஒன்று என்று 27 விளக்கு வைக்கிற வழக்கப்படி போட்டால் 405 மில்லி, அரை லிட்டர்கூட ஆகவில்லை. மெல்லிய திரியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று எரியும். அணையா விளக்கு எரிப்பது என்றால்தான் செலவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு இருக்கிறது. அதிலிருந்து நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அப்போதே விளக்கு தானம் செய்தவர்கள் விளக்கோடு நிறுத்தவில்லை, தினமும் எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்பதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பிளாட்டின் முழுச் சிக்கலும். பால்கனி வடக்கோ கிழக்கோ பார்த்திருந்தால் எண்ணெய் விளக்கை மறந்துவிடுங்கள். பருவக்காற்று வருவது அந்தத் திசையிலிருந்து. மேலே போகப் போகக் காற்றும் கூடும். தெற்கு, மேற்கு பால்கனி என்றால் சுவர் மேல் வைக்காமல் தரையில், மூலையில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒன்றிரண்டு வைக்கலாம். சுவர் மேல் வைப்பதைச் சங்கம் தடுப்பது சரி என்றே நினைக்கிறேன். ஐந்தாம் மாடியிலிருந்து எண்ணெயோடு விழுகிற அகல் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

பிளாட்டின் வாசல் என்பது பொது நடைவழி. அங்கே செருப்பு ஸ்டாண்டுதான் முதல் எதிரி. ரப்பர், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் எல்லாம் அதில்தான் குவிந்து கிடக்கும். அன்றைக்கு ஒருநாள் அதை உள்ளே இழுத்துவிடுங்கள். கதவுக்கு இரண்டு பக்கமும், கதவு திறக்கிற வீச்சுக்கு வெளியே, சுவரை ஒட்டி இரண்டிரண்டு அகல். தாவணி, புடவைத் தலைப்பு, கவுன் எல்லாம் நடமாடுகிற இடம் என்பதால் நடுவழியில் வேண்டாம். அகலுக்கு அடியில் பூவரச இலையோ வாழை இலைத் துண்டோ வைத்தால் டைல்ஸில் எண்ணெய் படியாது. சிந்திய எண்ணெயில் கால் வைத்தால் வழுக்கி விழுவது நிச்சயம். மாடிப்படியில் வைக்கவே வைக்காதீர்கள். அவசரத்துக்கு எல்லோரும் இறங்குகிற வழி அது, பல கட்டடங்களில் மீட்டர் போர்டும் அதன் அடியில்தான் இருக்கிறது.

சங்கத்தோடு சண்டை போடுவதை விட ஒரு மாற்று சொல்லிப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் மழை படாத ஓர் இடத்தைக் கேட்டு, வண்டிகளை ஒதுக்கிவிட்டு, பெரிய கோலம் போட்டு, தகரத் தட்டுகளில் மணல் பரப்பி வையுங்கள். வீட்டுக்கு ஐந்து அகல் கொண்டுவந்து மணலில் பதித்து வைக்கட்டும். மணலில் பதித்த அகல் கவிழாது, எண்ணெய் கசிந்தாலும் மணல் இழுத்துக்கொள்ளும். ஆறிலிருந்து ஏழரை வரை இரண்டு பேர் முறை வைத்து நின்றால் போதும், பக்கத்தில் ஒரு மணல் வாளி. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும் என்பதால் மணல்தான் வேண்டும். இப்படிக் கேட்டால் பூட்டுப் போடுகிற செயலாளர்கூட இறங்கி வருவார், அவர் வீட்டிலும் பொரி உருண்டை பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். தனித்தனி வாசலில் நான்கு விளக்கு வைப்பதை விட, ஊர்த் தெருவில் இருந்த அந்தக் கலகலப்புக்கு இதுதான் நெருங்கி வருகிறது.

பொரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நகரத்துக் கடையில் அரிசிப் பொரி எளிதாகக் கிடைக்கும், நெல்பொரிக்குத்தான் அலைய வேண்டும். ஊரிலிருந்து யாராவது வந்தால் சொல்லியனுப்புங்கள். வெல்லப் பாகு உருட்டுப் பதத்துக்கு வந்ததும் தேங்காய்ப் பல்லையும் பொரியையும் கொட்டிச் சூட்டோடு பிடித்துவிட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அடை, அப்பம் எல்லாம் உங்கள் அடுப்பின் சௌகரியம்.

இவ்வளவும் ஒப்பிட்ட பிறகு என் தீர்ப்பு இதுதான்: ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதால்தான் இழுபறி. பண்டிகை ஒருநாளோடு முடிவதில்லை. முந்தைய நாள் பரணி தீபம், அப்புறம் திருக்கார்த்திகை, மறுநாள் குப்பைக் கார்த்திகை. ஊரில் குப்பைமேட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் விளக்கு வைக்கிற நாள் அது. திருக்கார்த்திகையை பிளாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில் 2,668 அடி மலை உச்சியில் ஏற்றுவதை டிவியில் பார்த்த கையோடு வாசலில் அகல், கூடத்தில் குத்துவிளக்கு, பால்கனியில் பாட்டரி விளக்கு. அன்றைக்கு ஊர் வீட்டு வாசலைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார். குப்பைக் கார்த்திகைக்கோ, அதுவும் வேலைநாளாக இருந்தால் அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோ, குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புங்கள். பெரியம்மா இதை முழு மனதோடு ஒப்புக்கொள்ளமாட்டார். "மறுநா வந்து வெளக்கேத்துனா ஆச்சா?" என்பார். நேரில் வந்து நின்றதும் பேச்சு மாறிவிடும்.

பல குடும்பங்களில் கார்த்திகைக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. ஊருக்குப் போகிற அந்த நாளிலேயே அக்கா தங்கை வீட்டுக்கும் ஒரு எட்டு போய்விடலாம். ஜிபேயில் பணம் அனுப்புவது தவறில்லை, ஆனால் மன்னார்குடி வரைக்கும் போய்விட்டுத் தங்கை வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் அடுத்த கார்த்திகை வரைக்கும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு விதிவிலக்குகள். கார்த்திகை சனி, ஞாயிறில் வந்தால் யோசிக்காமல் ஊர். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ஊரிலேயே இருந்தாலும் கிழமை பார்க்காமல் ஊர்தான், ஒருநாள் லீவு போடுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் எல்லாத் திட்டத்தையும் விட்டுவிட்டு இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் திரி, எண்ணெயோடு புதுத் தீப்பெட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள். அடைத்துக் கிடந்த வீட்டுத் தீப்பெட்டி அந்த மாதத்து ஈரத்தில் எத்தனை குச்சி உரசினாலும் பற்றாது.